ஏழையாகத் தெரியவேண்டிய நாள்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் பட்டில்.

மாம்பழ நிறம், கிளிப்பச்சை, அரக்கு, மயில் கழுத்து. தை மாத வெயிலில் சரிகை கண்ணைக் குத்தியது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இடுப்பில் நிற்காத பாவாடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். ஒரு பையன் அவன் அப்பாவின் கல்யாண அங்கவஸ்திரத்தை வேட்டியாகக் கட்டியிருந்தான். தலை நிறைய கனகாம்பரம், நெற்றிச்சுட்டி, கவரிங் ஒட்டியாணம். பூவும் தேங்காய் எண்ணெயும் அந்துருண்டையும் கலந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது.

நான் ஸ்கூட்டியை நிறுத்தினேன். இறங்கத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் வரப்போகிறார்கள். இது உதவி தேவைப்படுகிற ஏழைப் பள்ளிக்கூடம்தானா என்று நேரில் பார்ப்பதற்காக.

தலைமையாசிரியை பத்மினி டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார். முதல் நாள் பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். நாளைக்கு வெள்ளைக்காரங்க வர்றாங்க, பிள்ளைங்க பளிச்சென்று வரணும். தலை வாரி, நகம் வெட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னாராம். நெசவுத் தெருவில் பளிச்சென்று என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் வேலூர்ப் பக்கம்.

ஜாம் விற்கிறவர்கள்

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் சென்டராக மாறிய கதையைப் போன வாரம் எழுதினேன். பெயர்ப்பலகை மாறினாலும் என் வேலை பெரிதாக மாறவில்லை. ஊரில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் வரும். ஏற்றுமதி செய்கிற பட்டுக் கடைக்காரரின் மெயில், சிங்கப்பூர் மாப்பிள்ளையின் பயோடேட்டா, வாஷிங் மெஷின் விளக்கப் புத்தகம், எல்லாம்.

என் சித்தப்பா மகள் சுமதி இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அந்த ஊரில் ஒரு தொண்டு அமைப்பு. அமைப்பு என்றால் கட்டடம், போர்டு, மேனேஜர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தப் பேரும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள். சனிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் மேஜை போட்டு கேக்கும், வீட்டில் கிளறிய ஜாமும், பழைய துணியும் விற்பார்கள். அதில் வருவதைக் கொண்டு வெளிநாட்டு ஏழைக் கிராமங்களில் பள்ளிக்கூடங்களுக்கு ஏதாவது செய்வார்கள். நேபாளத்து மலையில் ஒரு பள்ளி, ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளி. கமிட்டிக் கூட்டம் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் நடக்கும்.

சுமதி அங்கே கேக் வாங்கப் போன இடத்தில், எங்க ஊர்ப் பக்கமும் இப்படிப் பள்ளிக்கூடம் இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஆங்கிலம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

என் கணவர் தரணேந்திரனுக்கு ஆரணியில் உரக்கடை. உலகத்தில் எது நடந்தாலும் அதை யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசிப்பவர். ஜாம் விற்றுப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள் என்று நான் சொன்னதும், "நீயும் ஊறுகா போட்டு வித்து இங்கிலாந்துல எதுனா கட்டிக் குடேன்" என்றார்.

டேப்லெட்

பள்ளிக்கூடம் ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற ரோட்டில், உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நெசவு ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதினால் பத்மினி டீச்சர் என்னோடு பேசமாட்டார். ஊர்க்காரர்களே கமிட்டி வைத்து எப்போதோ ஆரம்பித்த ஆரம்பப் பள்ளி. டீச்சர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். கட்டடத்தைக் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். கமிட்டிக்கு அதன் ஓட்டை நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ளவே வசதி கிடையாது.

இங்கிலாந்துக்காரர்கள் முதலில் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா என்று கேட்டார்கள். படம் தெரியும், பாடம் கேட்கலாம், விரலால் தொட்டு எழுதலாம் என்கிற அந்த டேப்லெட். நான் பெற்றோர் கூட்டத்தில் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக டேப்லெட் தரப்போகிறார்கள் என்று அறிவித்தேன். யாரும் கை தட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் பாதி வகுப்பு காலி.

அதற்கடுத்த நாள் செல்வி என் சென்டருக்கு வந்தாள். அவளுடைய இரண்டு பெண்கள் அங்கே படித்தார்கள். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரே தறியில் மாறி மாறி நெய்கிறவர்கள். என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல், தன் பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி கிடையாது என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் போன வாட்டி கொடுத்த பூச்சி மாத்திரையிலேயே சின்னவள் ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கொண்டாளாம். "இது வெள்ளக்கார மாத்திரை வேற. இன்னா பவரோ இன்னாவோ" என்றாள்.

சிரித்து முடித்த பிறகு, சரி, உங்களுக்கு என்னதான் வேணும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. பாத்ரூம் என்றாள்.

எதிர் வீட்டுச் சரோஜாக்கா

பள்ளியில் ஒரு காலத்தில் பாத்ரூம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை விழுந்து, அடுத்த மழைக்காலத்தில் கதவு போய், இப்போது ஒரே ஒரு சுவர் மட்டும் நின்றது. பையன்களுக்கு ஏரிக்கரை. பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

பத்மினி டீச்சர் போவது பள்ளிக்கு எதிர் வீட்டுக்கு. அங்கே இருந்த சரோஜாக்கா ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆனால் உள்ளே விடுவதற்கு முன்னால் மூத்த மருமகளைப் பற்றியும், வெளியே வந்ததும் இளைய மருமகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்டர்வெல் மணி அடித்ததும் வேகமாகப் போகிற டீச்சர், அடுத்த பாட வேளை பாதி முடிந்த பிறகு தலையாட்டிக்கொண்டே திரும்பி வருவார். அந்தக் குடும்பத்துச் சண்டைகள் எல்லாவற்றுக்கும், சம்பந்தப்பட்டவர்களைவிட டீச்சருக்குத்தான் முன்பின் சரியாகத் தெரியும்.

நான் இதையெல்லாம் (மருமகள்களை விட்டுவிட்டு) இங்கிலாந்துக்கு எழுதினேன். பாத்ரூம் கட்டித் தர விருப்பம்தான், ஆனால் போளூர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு பள்ளி கேட்டிருக்கிறது, இந்த வருஷம் ஒன்றுக்குத்தான் முடியும் என்று பதில் வந்தது. தங்களில் இரண்டு பேர் நேபாளம் போகிற வழியில் இங்கே வந்து இரண்டையும் பார்ப்பார்கள், எது அதிகம் கஷ்டப்படுகிறதோ அதற்குச் செய்வார்கள்.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது.

அப்பன் செய்த பிழை

பிள்ளைகளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பி யூனிஃபார்ம் போட்டு வரச் சொல்லலாம் என்றார் டீச்சர். யூனிஃபார்ம் வெளுத்து, பட்டன் போய், ஊக்கு குத்தியதாக இருக்கும். அந்த நாளுக்கு அதைவிடப் பொருத்தமான உடை கிடையாது. நானும் சரி என்றேன்.

மதில் ஓரம் நின்றிருந்த அம்மாக்களிடமிருந்து செல்வி முன்னால் வந்தாள். அவளும் பட்டுப் புடவையில்தான் இருந்தாள். "வூட்டுக்கு ஒருத்தர் வர்றாங்கன்னா நீங்க கிழிஞ்சத கட்டிகினு வாசல்ல நிப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

நாம் ஏழை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"ஏழைதான். அத எதுக்கு மூஞ்சில ஒட்டிகினு நிக்கணும்? வாயால சொன்னா நம்ப மாட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் கார் ஹார்ன் கேட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நெசவு வீடுகளில் பட்டு இருக்கும், ஆனால் அது அந்த வீட்டுப் பட்டு இல்லை. நூலும் சரிகையும் முதலாளி கொடுத்தது. நெய்த புடவை அவர் கடைக்குப் போய்விடும், நெய்தவருக்குக் கூலி. இழை அறுந்ததைக் கவனிக்காமல் புடவையில் கோடு விழுந்துவிட்டால், சில முதலாளிகள் அந்தப் புடவையை நெய்தவர் தலையிலேயே கட்டிவிட்டுக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். அதை வெட்டித்தான் பெண் குழந்தைக்குப் பாவாடை தைப்பது.

செல்வியின் சின்ன மகள் போட்டிருந்த மாம்பழ நிறப் பாவாடை, அவள் அப்பா டெங்குக் காய்ச்சலோடு தறியில் உட்கார்ந்த மாதத்தில் வந்தது. பெரியவளின் அரக்குப் பாவாடை, தறியில் இழையைக் கடித்த எலியின் உபயம். வாசலில் மின்னிய ஒவ்வொரு பாவாடையும் அந்தந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியாத ஒரு மாதம். இதை வாசலிலேயே யாராவது எழுதி வைத்திருந்தால் தேவலை.

மூக்கில் விபூதி

காரிலிருந்து முதலில் இறங்கியவர் கீத். உயரமான மனிதர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கேமரா. வெயிலுக்காக மூக்கில் வெள்ளையாக க்ரீம் தடவியிருந்தார். விபூதி என்று நினைத்து இரண்டு பிள்ளைகள் கும்பிட்டன.

பின்னால் மார்கரெட் இறங்கினார். எழுபதைத் தாண்டிய, சின்ன உருவம். நீலச் சட்டை சாயம் போய் எந்த நீலம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. முழங்கையில் வேறு நிறத்தில் ஒட்டுத் துணி. செருப்பு வார் நூல் போட்டுத் தைத்தது. கழுத்து, காது, கை மூன்றும் வெறுமை.

அம்மாக்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்து மதில் ஓரமாகவே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது.

என்ன சொல்கிறார்கள் என்று மார்கரெட் என்னிடம் கேட்டார். வரவேற்கிறார்கள் என்றேன். வரவேற்பு என்றால் ஏன் எல்லோரும் என் முழங்கையைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பொய்யைத் தொடர்ந்து சொல்லவராது. பாவம், இந்தம்மாவைக் கவனிக்க வீட்டில் யாரும் இல்லையா, பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்களா என்று கேட்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கணவர் இறந்துவிட்டார், மகன் கனடாவில் இருக்கிறான், அடிக்கடி பேசுவான், சட்டை தங்கள் பழைய துணிக் கடையிலேயே எடுத்தது, நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். பழைய துணிக் கடை என்ற இடத்தில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீத் என்னைத் தனியாக அழைத்துப் போனார். நல்ல மனிதர், சொல்லவே சங்கடப்பட்டார். முதல் நாள் போளூர்ப் பக்கத்தில் பார்த்த பள்ளியில் பல பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு இல்லையாம். இங்கே தலையில் நகை இருக்கிறது. கேக் சுட்டுத் தருகிற கிழவிகளிடம் இந்தப் படங்களைக் காட்டி அவர் என்ன சொல்வார்?

நகை கவரிங், பட்டெல்லாம் பிழை விழுந்த புடவை, ஒவ்வொரு பாவாடையும் கூலியில் கழிந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் இறக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். அப்படியானால் இது நிஜப் பட்டுதானே என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். காலையில் லாட்ஜில் ரவா தோசையைப் பார்த்தும் அப்படித்தான் ஆட்டினாராம், கார் டிரைவர் பிறகு சொன்னது.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பத்மினி டீச்சருக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

ஊர்வலம்

விருந்தாளிகளுக்கு இளநீர் வந்தது. இந்தம்மா வீட்டில் யார் இவருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று மார்கரெட்டுக்கு மட்டும் இரண்டு. அதன்மேல் பன்னீர் சோடா. அதன்மேல் டீ. மறுத்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று அவர் எல்லாவற்றையும் குடித்தார்.

மூன்றாம் வகுப்பு கும்மி அடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் காதோரம் குனிந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் எதிர் வீட்டைப் பார்த்தார். எதிர் வீட்டில் பூட்டு. சரோஜாக்கா குடும்பத்தோடு போளூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். தானும் காலையிலிருந்து அந்தப் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக டீச்சர் என்னிடம் பிறகு சொன்னார்.

கும்மி பாதியில் நின்றது. மார்கரெட் முன்னால் நடக்க, நானும் டீச்சரும் பக்கத்தில், பின்னால் கீத், அவருக்குப் பின்னால் பட்டில் மொத்த ஊரும். சாமி ஊர்வலத்துக்குக்கூட எங்கள் பக்கம் இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

முதல் வீட்டில் கழிப்பறை இருந்தது, உள்ளே விறகு அடுக்கியிருந்தது. அடுத்த வீட்டில் கதவு இல்லை. அதற்கடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வரவேண்டாம் என்று தெருவிலிருந்தே கையசைத்தார். மார்கரெட்டின் நடை சுருங்கிக்கொண்டே வந்தது.

"எங்க வூட்டுக்கு வாங்க" என்றாள் செல்வி.

அவள் வீட்டிலும் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய ஒரு கழிப்பறை உண்டு. தறிக்கு மேலே தொங்கவிடுகிற, ஓட்டை போட்ட டிசைன் அட்டைகளை அதில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் வேறு இடம் இல்லை. லுங்கியோடு தறியில் இருந்த அவள் வீட்டுக்காரர், வாசலில் ஒரு வெள்ளைக்காரியையும் தலைமையாசிரியையையும் ஊரையும் சேர்த்துப் பார்த்து எழுந்து நின்றார். செல்வி ஒரே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். ஜல்தி என்றும் சொன்னாள்.

கட்டுகள் கை மாறி வெளியே வந்தன. எல்லோரும் வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள், கீத் உட்பட. கடைசியில் மூலையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி மட்டும் மிஞ்சியது. அது நகர மறுத்தது. தூக்கப் போன டீச்சரைக் கொத்தியது. அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மார்கரெட் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

ஊர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றது.

தறிக்குக் கீழே

கீத் நெஞ்சு நிறைய அட்டைக் கட்டுகளோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்த இடத்திலேயே நின்றார். ஒரே அறை. அதில் தறி நின்றது. மிச்சம் இருந்த இடத்தில் ஒரு அடுப்பு. தறிக் கம்பத்தில் பிள்ளைகளின் புத்தகப் பைகள். பாய்கள் சுருட்டித் தறிக்கு அடியில்.

எங்கே தூங்குவார்கள் என்று கேட்டார். செல்வி தறிக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கைக் காட்டினாள். பெரியவர்கள் அங்கே, பிள்ளைகள் தறிக்குக் கீழே.

தறியில் பாதி நெய்த புடவை ஒன்று இருந்தது. ஊதாவில் தங்கக் கரை. இது யாருடையது என்று கேட்டார்.

"மொதலாளியுது" என்றாள் செல்வி.

உன்னிடம் இதுபோல் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஒன்று, கல்யாணத்துக்கு எடுத்தது, இப்போது கட்டியிருக்கிறேன் என்றாள். கீத் அவள் கட்டியிருந்ததைப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தால் மடிப்பு வரும் இடமெல்லாம் இழை விட்டிருந்தது தெரியும். அவர் கேமராவைத் தொடவில்லை. வெகு நேரம் அந்தக் கட்டுகளைக் கீழே வைக்கவும் இல்லை.

மார்கரெட் வெளியே வந்தார், முகம் தெளிந்திருந்தது. முதலில் கோழிக்கு நன்றி சொன்னார். பிறகு சிரிப்பு இல்லாமல், பள்ளி நேரத்தில் பெண் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"இன்னா பண்றது. காலைல தண்ணி குடிக்காதுங்க" என்றாள் செல்வி.

நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் குனிந்து அவளுடைய சின்ன மகளைப் பார்த்தார். தன்னை ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்பதற்கு முன்னாலேயே, வகுப்பில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"நான் சாயங்காலம் வரைக்கும்கூட இருப்பேன்."

அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

கிழவிகளுக்கு என்ன சொல்வது என்று தெரிந்துவிட்டது என்றார் கீத்.

வாங்கக் கூடாத புடவை

கிளம்பும் நேரத்தில் அம்மாக்கள் கூடிப் பேசி ஒரு பட்டுப் புடவையோடு வந்தார்கள். எந்த வீட்டுப் பிழையோ தெரியாது, நல்ல அரக்கு நிறம். முழங்கையில் ஒட்டுப் போட்ட அம்மாவுக்காம்.

கீத் தடுத்தார். யாரிடமும் எதுவும் பரிசாக வாங்கக் கூடாது என்பது அவர்கள் அமைப்பின் விதி. மார்கரெட் கை கூப்பினார். அம்மாக்களின் முகம் இறுகிவிட்டது. கொடுக்கிறதை வாங்க மாட்டார்களாம், நாம் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டுமாம் என்று ஒரு குரல் வந்தது. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பேச்சை மாற்ற மார்கரெட் தன் போனை எடுத்து நேபாளத்துப் பள்ளியின் படத்தைக் காட்டினார். கல் கட்டடம், பின்னால் பனி மலை. குளிரில் கன்னம் வெடித்து, கை கிழிந்த ஸ்வெட்டரோடு பிள்ளைகள். போன் அம்மாக்களின் கையில் சுற்றி வந்தது.

இந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று செல்வி கேட்டாள். இவர்கள்தான் என்று மார்கரெட்டைக் காட்டினேன்.

"இவங்களே இப்பிடி இருக்காங்களே" என்றாள்.

பிறகு புடவையை என் கையில் வைத்தாள். "அவங்கதானே வாங்கக் கூடாது. அந்தப் பசங்க வாங்கலாமில்ல? கேளுங்க."

கேட்டேன். கீத் யோசித்தார். விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனால் அங்கே கடும் குளிர், தேவை கம்பளி என்றார். பட்டைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்திருக்கிறாரா, கேளுங்கள் என்றாள் செல்வி. அவர் படுத்ததில்லை.

அவர்கள் ஆரணியை விட்டுக் கிளம்புவதற்குள் என் சென்டருக்கு ஒரு மூட்டை வந்தது. ஊரில் பெட்டியில் கிடந்த பிழைகளெல்லாம் சட்டையாகவும் பாவாடையாகவும் மாறியிருந்தன. தரணேந்திரன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஊறுகாயைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. தானே கொண்டுபோய் அவர்கள் காரில் ஏற்றினார்.

அளவு

பாத்ரூம் வந்தது. அனுமதி, பிளான், கொத்தனார், கொத்தனார் மகள் கல்யாணம், அதனால் தாமதம் என்று எல்லாக் கட்டங்களையும் தாண்டித்தான் வந்தது. போளூர்ப் பக்கத்துப் பள்ளிக்கும் அடுத்த வருஷம் அவர்கள் செய்தார்கள். இதைச் சொல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் பத்திரிகைக்கு எழுதிவிடுவார்கள்.

பத்மினி டீச்சர் ரிப்பன் வெட்டினார். அதன் பிறகும் இன்டர்வெல்லில் எதிர் வீட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இளைய மருமகள் விஷயம் முடிவுக்கு வரவில்லையாம்.

இதற்கெல்லாம் முன்னால், அவர்கள் நேபாளம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் மதியம் என் போனுக்கு நேபாளத்திலிருந்து ஒரு படம் வந்தது, மார்கரெட் அனுப்பியது. நான் செல்விக்குச் சொல்லியனுப்பினேன். கூலி வாங்க ஆரணிக்கு வந்தவள் அப்படியே சென்டருக்கு வந்தாள்.

பனி மலை. அதற்கு முன்னால் வரிசையாகப் பிள்ளைகள். கனமான பேன்ட், கனமான ஸ்வெட்டர், அதற்கு மேலே ஆரணிப் பட்டு. சிலர் பாவாடையை என்ன செய்வது என்று தெரியாமல் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். ஒருவன் தலையில் கட்டியிருந்தான். அத்தனை பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வி போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பிள்ளையாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வேறு வேலையாக வந்திருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். அழப் போகிறாளோ என்று நான் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன்.

அவள் அழவில்லை. உச்சுக்கொட்டினாள்.

"சொக்கா கைல்லாம் எப்பிடிப் புடிச்சிகினு இருக்குது பாருங்க. ஸ்வெட்டர் மேல போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"அளவு கேட்டு வாங்கி வைங்க மேடம். ஸ்வெட்டரோட சேத்து."